கிறிஸ்துமஸ் வீட்டில் மன அமைதி: திருவருகைக்காலம் முதல் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு தாழ்வாரம். டிசம்பர் 23 சாயங்காலத்துக்குள் அந்த வீட்டில் 14 பேர் இருப்போம். நான் மூத்த மருமகள். 22 வருடமாக எங்கள் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் என் அடுப்படியில்தான் நடக்கிறது. முதல் ஏழெட்டு வருடம் நள்ளிரவுப் பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறேன். வானவர் கீதம் பாடி, மணி அடித்து, எல்லார் முகமும் மலர்ந்திருக்கும். என் காதில் மட்டும் சாயங்காலம் அடுப்படியில் ஒருவர் சொன்ன வார்த்தை ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தூணுக்குப் பின்னால் இப்போது நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண் என்பதால் சொற்கள் எங்கள் கோயில் சொற்களாக இருக்கும். சி.எஸ்.ஐ. சபையிலோ வேறு சபையிலோ இருப்பவர்கள் தங்களுக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளலாம்.

எந்த அமைதியைக் கேட்கிறோம்

வேலையில் இறங்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நான் பல வருடம் கேட்டது, 'ஆண்டவரே, இந்த வருடம் யாரும் சண்டை போடக் கூடாது' என்று. அது 13 பேருடைய வாயைப் பற்றிய செபம். அதில் என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"என் அமைதியையே உங்களுக்கு அளிக்கிறேன்" என்று இயேசு சொன்னது எப்போது என்று பாருங்கள். யோவான் 14-ம் அதிகாரம். பிடிபடுவதற்கு முந்தின இரவு, பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். அதே பந்தியில்தான் 'நம்மில் யார் பெரியவர்' என்று சீடர்கள் வாக்குவாதம் செய்ததாக லூக்கா 22-ல் இருக்கிறது. காட்டிக்கொடுக்கப்போகிறவனும் அன்று அந்தப் பந்தியில் சாப்பிட்டவன்தான். நம் வீட்டுப் பந்தியைவிட அது மோசமான பந்தி. அங்கே கொடுக்கப்பட்ட அமைதி நம் வீட்டிலும் செல்லும்.

இன்னொரு பகுதி மாற்கு 4. புயலில் படகு தத்தளிக்கும்போது இயேசு பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களில் அவர் கடலை அதட்டியதைத்தான் அதிகம் சொல்வார்கள். எனக்கு அந்தத் தலையணைதான் முக்கியம். ஆடுகிற படகில் தூக்கம் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடல் அடங்கியது அப்புறம். அவர் உள்ளம் அதற்கு முன்பே அடங்கியிருந்தது. நாம் கேட்க வேண்டியது அந்தத் தலையணையை.

படி 1: திருவருகைக்காலத்திலேயே தொடங்குங்கள்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை நமக்குக் கொடுத்திருக்கிறது. துணி எடுக்கவும் முறுக்கு சுடவும் அந்த நாட்கள் போய்விடுகின்றன. முதல் ஞாயிறு இரவு ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு தனியாக உட்காருங்கள். இந்த வருடம் யார் வருகிறார்கள், அதில் யாரை நினைத்தால் வயிறு இறுகுகிறது, ஏன் இறுகுகிறது என்று எழுதுங்கள். 'மதினிக்கு என்னைப் பிடிக்காது' என்று எழுதினால் போதாது. 'போன வருடம் மதினி என் மகளின் நிறத்தைப் பற்றி எல்லார் முன்னாலும் பேசினார், நான் பதில் சொல்லவில்லை' என்று நடந்ததை எழுதுங்கள். நடந்ததை எழுதும்போது பயம் ஒரு அளவுக்குள் வந்துவிடும்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே செபம் செய்யுங்கள். முடிந்தால் மூன்றாம் வாரத்துக்குள் சாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள். 24-ம் தேதி சாயங்காலம் வரிசையில் நின்று அவசரமாகச் சொல்வதில் நமக்கும் நிறைவு இல்லை, சாமியாருக்கும் கேட்க நேரம் இருக்காது.

அப்புறம் ஒரு போன். காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. யாரோடு பேச்சு நின்றிருக்கிறதோ அவர் நம் வீட்டு வாசலுக்கு வரும் முன்பே பேசிவிட வேண்டும். பழைய விஷயத்தைப் போனில் எடுக்காதீர்கள். "மதினி, எந்த பஸ்ல வர்றீங்க? சின்னவனுக்கு இருமல் சரியாயிருச்சா? அவனுக்குச் சீனிப்பணியாரம் சுட்டு வைக்கிறேன்." இவ்வளவு போதும். இரண்டு நிமிடம். இதைச் செய்த வருடமும் செய்யாத வருடமும் எனக்குத் தனித்தனியாக நினைவிருக்கிறது.

படி 2: பணத்தைப் பற்றி முன்னாலேயே பேசிவிடுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதில் வாங்கிய கடன் அடையும் முன் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். காற்று கூடினால் கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்காது, படகு நங்கூரத்தில் கிடக்கும். ஆக நம் பகுதியில் கிறிஸ்துமஸ் வருவது கையில் காசு குறைந்த மாதத்தில். இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் பாதிச் சண்டை இதிலிருந்துதான் கிளம்புகிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதை வருகிறவர்களிடமும் சொல்லுங்கள். "இந்த வருஷம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் துணி, பெரியவங்களுக்கு இல்ல" என்று சொல்ல எனக்குப் பத்து வருடம் பிடித்தது. சொன்னபோது ஒருவரும் கோபப்படவில்லை. என் கொழுந்தன் மனைவி "நானே சொல்லணும்னு இருந்தேன் அக்கா" என்றாள். கிறிஸ்துமஸுக்காக நகையை அடகு வைப்பது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தீவனத் தொட்டியில் பிறந்தவருடைய விழாவுக்குச் சங்கிலி அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

படி 3: அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன துக்கம் இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாப் படியிலும் இதுதான் எனக்குப் பெரியது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் மாமியார் வருடம் முழுக்க அமைதியானவர். டிசம்பர் 20 தாண்டினால் வேறு ஆளாகிவிடுவார். உப்பு கூடிவிட்டது, மாவு புளித்துவிட்டது, விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட்டாய் என்று தொட்டதற்கெல்லாம் சத்தம். ஒரு வருடம் அதிரச மாவைப் பாத்திரத்தோடு தூக்கி வெளியே வைத்துவிட்டார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஏழு வருடம். இந்த அம்மாவுக்கு நான் விழா நாளில் சந்தோஷமாக இருப்பது பொறுக்கவில்லை என்றே நினைத்தேன்.

அந்த வருடம்தான் மாமியாரின் அக்கா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது அவர்கள் குடும்பம் அங்கேதான் இருந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த ரயிலையே கடல் எடுத்துக்கொண்ட இரவு அது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது ஒன்பது வயது. கையில் பிடித்திருந்த தம்பியைத் தண்ணீர் இழுத்துப்போனது. மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். அந்த வருடம் தனுஷ்கோடிக் கோயிலில் பூசை இல்லை.

எனக்குக் கை நடுங்கியது. ஏழு வருடமாக என் மேல் விழுந்த கோபம் என்னைப் பற்றியதே இல்லை.

அடுத்த வருடம் டிசம்பர் 22 அன்று நான் பலகாரச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை. சாயங்காலம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, "அத்தை, தம்பி பேரு என்ன? செபமாலையில சேத்துக்குவோம்" என்று கேட்டேன். அவர் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் நான் வாழ்ந்த காலத்தில் அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டேன். என் கணவருக்குக்கூட அது தெரியாது. இப்போது அந்த இரவு எங்கள் வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. இரண்டு முறை அவரைத் தனுஷ்கோடிக்கே அழைத்துப் போனோம். சிதைந்து நிற்கும் கோயில் சுவரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பட்டாணி வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் கதை வேறாக இருக்கும். சுனாமி ஆண்டு 2004, அதுவும் டிசம்பர் 26. கடலில் போய்த் திரும்பாத அப்பா, இலங்கைச் சிறையில் இருக்கும் மகன், வளைகுடாவிலிருந்து லீவு கிடைக்காத மருமகன் என்று யாரோ ஒருவருடைய இடம் பந்தியில் காலியாக இருக்கும். அதைப் பற்றிப் பேசினால் விழா கெட்டுவிடும் என்று நினைத்து எல்லாரும் அதைச் சுற்றி நடப்பார்கள். பேசாத துக்கம்தான் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று கத்துகிறது. நோட்டில் எழுதிய ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'இவருக்கு டிசம்பரில் என்ன வலி?' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். கேட்டு அறிந்த பிறகு செய்ய வேண்டியது சிறியது: ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெயர், செபமாலையில் ஒரு கருத்து.

இதையும் சொல்ல வேண்டும். ஒருவருடைய வலி தெரிந்துவிட்டது என்பதால் அவர் சொல்வதையெல்லாம் பொறுக்க வேண்டும் என்று ஆகாது. மாவுப் பாத்திரத்தைத் தூக்கி வைத்தது தவறுதான். அதை அத்தையே பிறகு சொன்னார்.

படி 4: டோக்கன் இல்லாத பேச்சுகள்

வானிலை எச்சரிக்கை வந்த நாளில் டோக்கன் இல்லையென்றால் யாரும் கடலுக்குப் போவதில்லை. கடல் எங்கேயும் ஓடிவிடாது, இன்னொரு நாள் போகலாம். சில பேச்சுகளுக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் 24, 25 இரண்டு நாளும் மூன்று பேச்சுக்கு டோக்கன் இல்லை: வீட்டுப் பாகம், கல்யாணம் ஆகாத பிள்ளையின் கல்யாணம், பழைய கடன். இதை முன்பே வாட்ஸ்அப் குழுவில் என் கணவர் போட்டுவிடுவார். தடை என்று போடாமல், எந்த நாளில் பேசலாம் என்று தேதியோடு போடுவார். "பாகம் பற்றி 27-ம் தேதி காலை பத்து மணிக்கு உட்காருவோம்." தேதி இருந்தால் மனிதர்கள் பொறுப்பார்கள். தேதி இல்லாவிட்டால் பிரியாணித் தட்டிலேயே தொடங்கிவிடுவார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் இயேசுவிடம், சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டதாக லூக்கா 12-ல் இருக்கிறது. என்னை உங்களுக்கு நடுவராக ஏற்படுத்தியவர் யார் என்று கேட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். இயேசுவே ஒதுங்கிய இடத்தில், அண்ணி என்ற முறையில் நான் எத்தனையோ முறை நடுவராகப் போய் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது போவதில்லை.

27-ம் தேதி உட்காரும்போது ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சம பங்கு. மகன், மகள் என்ற வித்தியாசம் அதில் இல்லை. 'பொம்பளப் பிள்ளைக்கு நகை போட்டாச்சே' என்ற பேச்சில்தான் பல வீட்டில் அக்கா தங்கைகள் கிறிஸ்துமஸுக்கு வருவதை நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு உரியதைக் கொடுக்காமல் சமாதானம் வேண்டும் என்று செபிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 5: உங்கள் கூண்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாம்பனில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் தூரத்தில் ஏதோ உருவாகிறது என்று பொருள். 3 என்றால் இங்கேயே பலத்த காற்று வரலாம். 10 பெரும் அபாயம். யாரும் 10 ஏற்றும்வரை காத்திருந்து படகைக் கட்டுவதில்லை.

கோபத்துக்கும் உடம்பு முன்பே கூண்டு ஏற்றும். எனக்குப் பாத்திரத்தை வைக்கும் சத்தம் கூடும், அதுதான் 1. பதில் ஒற்றை வார்த்தையாகச் சுருங்கினால் 3. உங்களுக்கு என்ன என்று வீட்டுக்காரரிடமோ பிள்ளைகளிடமோ கேளுங்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

1-ல் செய்ய வேண்டியது மூச்சு. மூச்சை இழுக்கும்போது 'இயேசுவே', விடும்போது 'என்மேல் இரக்கமாயிரும்.' விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். அப்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். பத்து முறை. வெங்காயம் உரித்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

3-ல் இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். எதையாவது சாக்காகச் சொல்லிப் போகாமல், "ஒரு கால்மணி நேரம் நடந்துட்டு வர்றேன், வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நம் தீவில் ஒரு வசதி உண்டு. வாடைக்காற்று அடிக்கும் டிசம்பரில் வடக்குக் கடல் கொந்தளிக்கும்போதும் தெற்குக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொஞ்ச தூரம்தான். நான் தெற்குப் பக்கம் போய் ஒரு செபமாலை முடித்துவிட்டுத் திரும்புவேன். சொன்ன நேரத்துக்குத் திரும்புவது முக்கியம். திரும்பாமல் இருப்பதும் ஒரு சண்டைதான்.

திரும்பி வந்து சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும். "நீங்க சொன்னது எனக்கு வலிச்சது. இப்ப அதப் பத்திப் பேச வேண்டாம்." இதில் பழி இல்லை, பொய்யும் இல்லை. வலித்ததை மறைத்துச் சிரித்துக்கொண்டிருப்பதை நான் அமைதி என்று ஏற்பதில்லை. பல வருடம் அதைச் செய்தேன். ஜனவரியில் தலைவலியாக வந்தது, பிள்ளைகள் மேல் எரிச்சலாக வந்தது.

படி 6: அடுப்படியைப் பங்கிடுங்கள்

மார்த்தா, மரியா கதையைப் பெண்களிடம் சொல்லும்போது 'வேலை வேலை என்று அலையாதே, செபம் செய்' என்று முடித்துவிடுகிறார்கள். 14 பேருக்கு யார் சமைப்பது? 'நீ பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்' என்பதுதான் ஆண்டவர் மார்த்தாவிடம் சொன்னது. சமைக்காதே என்று அவர் சொல்லவில்லை. ஒருத்தி தனியாக எல்லாவற்றையும் சுமந்தால் கலங்காமல் என்ன செய்வாள்?

நம் ஆண்கள் படகில் சமைக்கிறார்கள். ஆடுகிற பலகையில் அடுப்பு வைத்துச் சோறும் குழம்பும் வைக்கிறவருக்கு, ஆடாத தரையில் தேங்காய் துருவ முடியும். 24-ம் தேதிக்கு ஒரு தாளில் வேலைகளை எழுதி, பக்கத்தில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கறி வெட்டுவது, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம், கூட்டுவது. பிள்ளைகளுக்குக் குடில். மழை பெய்து வெளியே போக முடியாத நாளில் குடில் வேலை பெரிய உதவி. கடற்கரையிலிருந்து சிப்பியும் மணலும் கொண்டுவரச் சொல்லி விட்டுவிடுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும், நாம் போய்த் திருத்த வேண்டாம்.

படி 7: இரவுப் பூசைக்கு முன்னால் அரைமணி நேரம்

24 இரவு ஒன்பதரைக்கு அடுப்பை அணைத்துவிடுங்கள். என்ன பாக்கி இருந்தாலும் சரி. குளித்து, சேலை மாற்றி, குடில் முன்னால் எல்லாரும் பத்து நிமிடம். ஒருவர் லூக்கா 2 வாசிக்கட்டும், பிள்ளைகள் வாசித்தால் நல்லது. கோயிலில் சமாதானம் பகிரும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக் கும்பிடு போட்டு முடித்துவிடாமல், யாரிடம் கடினமாக இருக்கிறதோ அவர் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். பூசை முடிந்து பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசையில் நிற்கும்போது, வீட்டாரெல்லாம் சேர்ந்தே நில்லுங்கள்.

படி 8: குடியும் கைநீட்டலும் இருக்கும் வீடுகளுக்கு

இங்கே நான் சுற்றி வளைக்க மாட்டேன். மேலே சொன்ன மூச்சும் நடையும் வார்த்தைச் சண்டைக்கு. குடித்துவிட்டு அடிக்கிறவர் இருக்கும் வீட்டில் முதல் கடமை பிள்ளைகளையும் உங்களையும் பத்திரமாக வைப்பது. "உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று பவுலடிகள் உரோமையருக்கு எழுதியபோது, அதற்கு முன்னால் "கூடுமானால்" என்று சேர்த்தே எழுதினார். கூடாத இடம் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

டிசம்பர் தொடக்கத்திலேயே அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழுவில்) நம்பிக்கையான ஒருத்தியிடமோ சிஸ்டரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லி வையுங்கள். இரவில் போய்ப் படுக்க ஒரு வீடு முடிவாகியிருக்கட்டும். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. இந்த எண்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். 'விழா நாளில் குடும்ப மானம் போய்விடும்' என்று யாராவது சொன்னால், ஏரோதுக்குப் பயந்து இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனது திருக்குடும்பம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களை யாரும் மானம் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை.

படி 9: சண்டை வந்துவிட்டால்

வரும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு வருடம் வரும். மூன்று வருடம் முன்பு 25 மத்தியானம் என் வாயிலிருந்தே வந்தது. கொழுந்தனின் வேலையைப் பற்றி அவர் பிள்ளைகள் முன்னால் பேசிவிட்டேன்.

பொழுது சாய்வதற்குள் சினம் தணியட்டும் என்று எபேசியர் 4-ல் இருக்கிறது. அன்று அவ்வளவு சீக்கிரம் என்னால் முடியவில்லை, இரவு பத்து மணி ஆனது. கொழுந்தன் தாழ்வாரத்தில் வலை பின்னும் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, நான் பேசினது தப்பு. பிள்ளைங்க முன்னால பேசினது அதவிடத் தப்பு. காலையில பிள்ளைங்ககிட்டயும் சொல்றேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி நீட்டினார். மன்னிப்புக் கேட்கும்போது 'ஆனா நீங்களும்' என்று தொடங்கும் இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

மற்றவர் மன்னிப்புக் கேட்காவிட்டால்? காத்திருக்கலாம். ஜனவரி 1 கன்னி மரியா இறைவனின் தாய் பெருவிழா. 1968 முதல் அந்த நாளைத் திருச்சபை உலக அமைதி நாளாகவும் வைத்திருக்கிறது. வருட முடிவு வழிபாட்டில் அவர் பெயரைச் சொல்லி, 'இவரை நான் உம்மிடம் ஒப்படைக்கிறேன்' என்று ஒரு முறை சொல்லுங்கள். மனம் ஒத்துழைக்காவிட்டாலும் வாயால் சொல்லுங்கள்.

படி 10: குடிலைப் பிரிக்கும் நாள்

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது அந்த நோட்டைத் திரும்ப எடுங்கள். எது உதவியது, யாரைப் பற்றி நினைத்தது தவறு, அடுத்த வருடம் எதைச் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி, சுரூபங்களோடு அதே அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள். அடுத்த திருவருகைக்காலத்தில் பெட்டியைத் திறந்தால் முதலில் கையில் வருவது அதுவாக இருக்கும்.

போன ஜனவரியில் நான் எழுதும்போது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியாததால் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "22-ம் தேதி தம்பிக்குப் பிடிச்ச சீனிப்பணியாரம் சுடலாம்னும் எழுதிக்க" என்றார்.